உளைச்சல்

மேலூர் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
எனக்கு ஒரு நாற்காலி.
பக்கம் இருபது ரூபாய்.
பதினாறு வருஷமாக அடிக்கிறேன்:
"எமது கட்சிக்காரர் சொல்லொணா மன உளைச்சலுக்கு ஆளாகி..."
வரப்பை வெட்டியவன் மேல்,
ஜீவனாம்சம் தராதவன் மேல்,
திரும்பி வந்த செக்கின் மேல்,
யாருக்கு என்ன நடந்தாலும்
நோட்டீசில் அந்த வரி வரும்.
கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.
அது அப்போது.

இப்போது பால் பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறேன்.
பூட்டுக்குள் சாவி போகிறது, திரும்புவதில்லை.
பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வெட்கம்.
கூப்பிடுகிறேன்.
வெயில் ஏறி மணி பத்தான பிறகுதான்
விரல்கள் ஒவ்வொன்றாக என்னுடையவை ஆகின்றன.

மாட்டுத்தாவணியில் இறங்கி
அண்ணா நகருக்கு ஷேர் ஆட்டோ.
டோக்கன் நாற்பத்தொன்று.
ரத்த ரிப்போர்ட், எக்ஸ்ரே கவர், வீட்டுக்காரர், நான்.
மூன்றரை மணி நேரம்
சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியில்
ஒருத்தி அழுதுகொண்டே இருந்தாள்.

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே
பிராது மாதிரி பத்தி பிரித்து வைத்திருந்தேன்.
மணிக்கட்டில் குடைச்சல்.
முட்டியில் கடுப்பு.
கட்டைவிரல் அடியில் விண்விண்ணென்று தெறிப்பது.
ராத்திரியானால் எல்லாம் ஒன்றுகூடி...
அதற்குள் பேப்பரைப் புரட்டி முடித்துவிட்டார்.
"எல்லாம் நார்மல்தானேம்மா."

"கை காலெல்லாம் ஒரே உளைச்சல் சார்."

பேனா நின்றது.
முதல்முறையாக நிமிர்ந்தார்,
என் பக்கம் அல்ல.
"வீட்டுல ஏதும் பிரச்சனையா?" என்று
வீட்டுக்காரரிடம் கேட்டார்.
அந்த மனுஷன் என்ன சொல்வார் பாவம்,
"ரொம்ப யோசிப்பா சார்."

கையில் இருந்த சொல்லை
மனசுக்குத் தள்ளிவிட்டார்,
அங்கிட்டு உருட்டிய கோலிக்குண்டு மாதிரி.
எங்கள் பக்கம்
நாற்று நட்டு வந்தவள் கால் உளையுது என்றால்
வெந்நீர் வைப்பார்கள்.
புருஷனை விசாரிக்க மாட்டார்கள்.

அவர் என் விரலைத் தொடவில்லை.
இதைத் தனிப் பத்தியாகப் போட வேண்டும்.
மேஜைக் கண்ணாடி மேல்
இரண்டு கையையும் விரித்துத்தான் வைத்திருந்தேன்.
கண்ணாடி குளிர்ச்சியாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.
இடது மோதிர விரலில் மோதிரமில்லை,
ஆனி மாசம் ஆசாரி வெட்டி எடுத்தார்.
குனிந்திருந்தால் தடம் தெரிந்திருக்கும்.

"நடங்க. மனச லேசா வச்சுக்கங்க. கோயில் குளம்னு போயிட்டு வாங்க."
தூங்க ஒரு மாத்திரை. ஐந்நூறு ரூபாய்.
சீட்டில் பஞ்சவர்ணம் என்ற என் பெயர்
பஞ்சவர்ணா என்று இருந்தது.

மறுநாள்
வக்கீல் சேவுகன் ஃபைலை வைத்தார்.
"ஏழு பக்கம்மா, பன்னெண்டுக்குள்ள வேணும்."
நாலாம் பக்கத்தில் அந்த வரி வந்தது.

யளனகபக.
இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் பழக்கியது.
ள, இடது மோதிர விரலின் வீடு.
விரல் வீட்டுக்குப் போனது.
எலும்புக்குள் யாரோ திருப்புளி வைத்துத் திருகினார்கள்.
சுட்டுவிரலை அனுப்பினேன்,
வெளியூர்க்காரன் மாதிரி தட்டித் தடவி
அடித்துவிட்டு வந்தது.

மன உளைச்சல்.
அதற்கு இரண்டு லட்சம் கேட்டிருந்தார் கட்சிக்காரர்.

'மன' என்பதை மட்டும் அழித்தேன்.
உளைச்சல் தனியாகத் திரையில் நின்றது,
எங்கே என்று சொல்லாமல்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு ம, ன,
திரும்ப அடித்தேன்.
பன்னிரண்டாக எட்டு நிமிஷம்.

தாள் அடுக்கிக்கொண்டே சிக்கந்தர் கேட்டான்,
"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"ஒன்னுமில்லையாம்."